கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு: தலைவர் இல்லாத ஊரில் யாரிடம் போவது?

21 ஜூலை 2025, கேள்வி

எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. முதல் பெயர் ஊராட்சித் தலைவருடையது. அவருடைய பதவிக்காலம் ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இரண்டாவது பெயருக்கு உரியவர் மாற்றலாகிப் போய்விட்டார். ஊரில் ஒரு பெண் பத்தாம் வகுப்பு தேறியும் பதினொன்றில் சேரவில்லை. ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு அடிபடுகிறது. வயது பதினாறு. குழு செத்துவிட்டது என்பதுதான் என் முடிவு. இனி யாரிடம் போவது? போனால் என் பெயர் வெளியே வருமா, வராதா?

21 ஜூலை, இரவு

முதலில் தெருப் பெயரையும் பள்ளியின் பெயரையும் பதிவிலிருந்து எடுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். அந்தப் பெண்ணின் அத்தை மகன் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கும்.

அடுத்தது குழந்தைகள் உதவி எண் 1098. இன்றிரவே.

22 ஜூலை, காலை

எடுத்துவிட்டீர்கள். சரி.

குழு செத்துவிட்டது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர் நாற்காலி காலியாகிவிட்டது உண்மை. அங்கே இப்போது தனி அலுவலர்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். ஆனால் அங்கன்வாடிப் பணியாளர் போகவில்லை. கிராம சுகாதார செவிலியர் போகவில்லை. தலைமை ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், சுயஉதவிக் குழுப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். பிள்ளையைப் பற்றிய செய்தி எப்போதுமே தலைவர் வழியாக வந்ததில்லை. சத்துமாவு வாங்க வந்த பெண் அங்கன்வாடி வாசலில் நின்று சொன்னதாகத்தான் வரும்.

நான் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பணியில் இருந்தபோதும் பிறகும் எங்கள் ஊர்க் குழுவில் உறுப்பினர். குழு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் சுவரைப் பார்க்காதீர்கள், தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கத்து ஊராட்சியின் புத்தகத்தை ஒருமுறை புரட்டினேன். ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் "குழந்தைகள் பாதுகாப்பு குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது" என்று ஒரே வரி. ஒரே பேனா, ஒரே மை, கையெழுத்துகள் கூட ஒரே சாய்வு. நடுவில் இரண்டு பக்கங்களில் கையெழுத்து மட்டும் இருந்தது, மேலே எழுத இடம் விட்டிருந்தார்கள். தலைவர் பதவியில் இருந்த காலத்துப் பக்கங்கள் அவை.

22 ஜூலை, மாலை

"என் பெயர் வெளியே வருமா" என்ற கேள்வியைக் காலையில் விட்டுவிட்டேன், பலருக்கும் வாயை அடைப்பது அதுதான். 1098-இல் பேசும்போது உங்கள் பெயரைச் சொல்லாமலே தகவல் தரலாம். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் கீழ் வரும் குற்றமென்றால் கதை வேறு: 19-ஆவது பிரிவின்படி தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது 21-ஆவது பிரிவின்படி குற்றம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது என்று அதே 19-ஆவது பிரிவு காப்பும் தருகிறது.

ஊருக்குள் யார் சொன்னது என்று தேடுவார்கள். தேடத்தான் செய்வார்கள். அதற்காகத்தான் தகவலில் உங்கள் வீட்டிலிருந்து மட்டுமே தெரியக்கூடிய விவரத்தைச் சேர்க்காதீர்கள் என்கிறேன். "பதினொன்றாம் வகுப்பில் சேரவில்லை" என்பது பள்ளிக்கும் தெரியும். "நேற்று மாலை நகை பார்த்துவிட்டு வந்தார்கள்" என்பது எதிர்வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

23 ஜூலை

இங்கே ஒருவர் "நேராகக் காவல் நிலையம் போங்கள், மற்றதெல்லாம் வெட்டி வேலை" என்று எழுதியிருக்கிறார். இந்த நிமிடம் அடி விழுகிறது, பூட்டி வைத்திருக்கிறார்கள், வண்டியில் ஏற்றுகிறார்கள் என்றால் அவசர உதவி எண் 112. அதில் தயக்கமே வேண்டாம். ஆவணியில் நடக்கப் போகும் கல்யாணத்துக்கு ஆடியின் தொடக்கத்தில் சீருடையோடு போய் நின்றால், கல்யாணம் ஆடியிலேயே வேறு ஊரில் நடந்து முடியும். ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதெல்லாம் அவசரத்துக்கு முன் நிற்காது.

தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் மாவட்ட சமூக நல அலுவலர்தான். தகவல் அவருக்குப் போக வேண்டும். சட்டப்படியான வயதுக்கு முன் திருமணம் ஆகிவிடும் ஆபத்தில் உள்ள பிள்ளை, "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்ற வரையறைக்குள் வருகிறாள். ஆகவே மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்கும் அவள் விஷயத்தில் அதிகாரம் உண்டு. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நான்கு பேர். மாதத்தில் இருபது நாளாவது கூட வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம். ஊராட்சிச் சுவரில் யார் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. பொதுநல நோக்கமுள்ள எந்தக் குடிமகனும் பிள்ளையை அங்கே அழைத்துப் போகலாம். பிள்ளை தானே நடந்து போய் நிற்கவும் சட்டம் இடம் தருகிறது.

30 ஜூலை

கேள்வி கேட்டவர் எழுதியதைப் படித்தேன். ஊர்நல அலுவலரும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவரும் வந்தார்களாம். பெற்றோரிடம் எழுத்துமூலம் உறுதிமொழி வாங்கினார்களாம். "பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் செய்ய மாட்டோம்." தந்தை கையெழுத்து, தாய் கைரேகை, சாட்சி இரண்டு பேர். "பிரச்சினை தீர்ந்தது, எல்லாருக்கும் நன்றி" என்று முடித்திருக்கிறார்.

தீரவில்லை. இப்போதுதான் தொடங்குகிறது.

இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பாடத்தைச் சொல்கிறேன். தடுப்பதற்கும் மீட்பதற்கும் ஆள் வருவார்கள். வாகனம் வரும், படம் எடுப்பார்கள், மறுநாள் செய்தித்தாளில் மூன்றாம் பக்கத்தில் வரும். அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை அந்தப் பிள்ளை எழுந்து எங்கே போகிறாள்? அந்தத் திங்கட்கிழமைக்கு யார் பொறுப்பு? அங்கே ஒரு பெயர் எழுதப்படவில்லை என்றால் உறுதிமொழிக் காகிதம் பெட்டிக்குள் போய்விடும், பிள்ளை அத்தை வீட்டுக்குப் போய்விடுவாள்.

கல்யாணத்தை நிறுத்திய அன்று ஊர் முழுக்க அந்தக் குடும்பத்தைப் பார்க்கிறது. அந்த அவமானத்தின் கணக்கை வீட்டுக்குள் யார் தலையில் எழுதுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதிகாரிகள் தலையில் எழுத முடியாது.

31 ஜூலை

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவருக்கு.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை, இந்த வாரமே. எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு, மாற்றுச் சான்றிதழ் யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் தந்தையின் பீரோவில் இருக்கும். பேருந்து எத்தனை மணிக்கு, நிறுத்தத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம், உடன் வரும் தோழி யார்? அந்தப் பெண் தனியாகப் பேச வயது வந்த ஒரு பெண்மணி, அவளே தேர்ந்தெடுத்தவர். வகுப்பாசிரியர் யாராக இருந்தாலும், தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்றால் யாரை அழைப்பது என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மூன்றாம் நாள், பத்தாம் நாள் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்க வேண்டும். பதவி போதாது. "தலைமை ஆசிரியர்" என்று எழுதினால் மாற்றல் வந்ததும் வரி செத்துவிடும்.

3 ஆகஸ்ட்

ஒரு முறுக்குக் கம்பெனிச் சிறுவனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

பதின்மூன்று வயது. வட மாநிலத்தில் ஒரு முறுக்குக் கம்பெனியில் விடியற்காலையிலிருந்து எண்ணெய்ச் சட்டி முன் வேலை. அங்கே மீட்கப்பட்டான். அந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழு இங்குள்ள குழுவுக்கு மாற்றியது. ரயிலில் இருவர் துணையோடு வந்து சேர்ந்தான். இரண்டு முன்கையிலும் எண்ணெய் தெறித்த தழும்புகள், சில புதிது, சில வெளுத்துப் போனவை. வலது கைப் பெருவிரல் முழுதாக மடங்கவில்லை. மாவு பிழியும் அச்சை நாள் முழுக்க அழுத்திப் பிடித்த விரல். எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து பென்சிலைப் பிடிக்க அவன் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுதினார்கள். பள்ளியில் சேர்க்கப்படுவான், ஆற்றுப்படுத்துநர் ஆலோசனை வழங்குவார், பெற்றோருக்கு அறிவுரை கூறப்படும். எழுதியவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் கையில் அப்போது எத்தனை கோப்புகள் இருந்தன என்று மேசையைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அந்தத் தாளில் ஓர் இடத்திலும் முன்பணம் என்ற சொல் இல்லை. ஏஜென்டிடம் தந்தை வாங்கியிருந்த முன்பணம். அந்தப் பணத்துக்குத்தான் பையன் போனான். அந்தக் கணக்கு முடியாத வரைக்கும் அவன் பள்ளியில் சேர்ந்தது ஏஜென்டைப் பொறுத்தவரை விடுமுறை.

பொங்கல் முடிந்து ஏஜென்ட் வந்தான். பையன் போய்விட்டான்.

1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி கொத்தடிமை உழைப்புக்கான கடன் செல்லாது. அந்தக் கடனைக் கேட்கவோ வசூலிக்கவோ எவருக்கும் உரிமை கிடையாது. கொத்தடிமை என்று விடுவிப்புச் சான்று கிடைத்திருந்தால் அந்தத் தந்தைக்கு அது தெரிந்திருக்கும், உடனடி நிவாரணமும் வந்திருக்கும். மத்திய அரசுத் திட்டத்தில் பிள்ளைகளுக்கான மறுவாழ்வுத் தொகை இரண்டு லட்சம் ரூபாய், மோசமான சுரண்டல் என்றால் மூன்று லட்சம். ஆனால் மீட்ட இடத்திலேயே விசாரித்து அந்தச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். "குழந்தைத் தொழிலாளர்" என்று மட்டும் பதிவு செய்து ரயில் ஏற்றிவிட்டால், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இங்கே உட்கார்ந்துகொண்டு அதை வாங்குவது பெரும்பாடு.

இரண்டாம் முறை திரும்பி வந்தபோது திட்டத்தின் முதல் வரியே முன்பணமாக இருந்தது. கோட்டாட்சியர் முன்னிலையில் தந்தைக்குக் கடன் செல்லாது என்று சொல்லப்பட்டது. ஏஜென்ட் மீது வழக்குப் பதிவானது. அதன் பிறகுதான் தந்தை நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

பிள்ளை எதற்காக ஆபத்துக்குள் போனான் என்ற காரணம் திட்டத்தில் இல்லை என்றால், மீதி வரிகள் எவ்வளவு அழகாக இருந்தும் பயன் இல்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

4 ஆகஸ்ட்

"ஏழைகளைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்" என்று ஒரு நண்பர் கோபப்பட்டிருக்கிறார். இல்லை. முந்தைய குறிப்பை இன்னொரு முறை படியுங்கள். அந்தத் தந்தைக்கு வேண்டியிருந்தது அறிவுரை இல்லை, கடனிலிருந்து விடுதலை.

6 ஆகஸ்ட்

"இல்லத்தில் சேர்த்துவிட்டால் நிம்மதி" என்று எழுதியவருக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

யாருக்கு நிம்மதி? நமக்கு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் உள்ள கோட்பாடுகளில் ஒன்று, நிறுவனப் பராமரிப்பு கடைசி வழி என்பது. சமூக விசாரணை பதினைந்து நாளில் முடிய வேண்டும், நான்கு மாதத்துக்குள் குழந்தைகள் நலக் குழு இறுதி உத்தரவிட வேண்டும் என்று 36-ஆவது பிரிவு சொல்வதும் பிள்ளை விசாரணை என்ற பெயரில் இல்லத்தில் கிடக்கக் கூடாது என்பதற்குத்தான். தாய்வழிப் பாட்டி இருக்கிறாரா, சித்தி இருக்கிறாரா, வளர்ப்புப் பராமரிப்புக்கு ஒரு குடும்பம் கிடைக்குமா என்று பார்த்துத் தீர்ந்த பிறகுதான் இல்லம்.

அதே நேரம், ஆபத்து வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கும்போது "குடும்பம்தான் முக்கியம்" என்று பிள்ளையைத் திருப்பி அனுப்புவது கொடுமை. பாட்டி வீடு என்றாலும் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டி வீட்டுக்குப் போனோம். அன்பான கிழவி, பேத்தியை மடியை விட்டு இறக்கவில்லை. கொல்லைப்புறத்தில் சாக்கைத் தொங்கவிட்ட குளியல் மறைப்பு, அதற்கு எதிரே மூன்றடி தள்ளி மாமனின் கட்டில். யாரிடமிருந்து காப்பாற்ற அந்தப் பிள்ளையை அங்கே அனுப்புகிறோமோ அவன் அந்த மாமனின் கூட்டாளி. கட்டிலைப் பார்க்காமல் வந்திருந்தால் விசாரணை அறிக்கையில் "பாட்டி அன்பானவர், பராமரிக்கச் சம்மதிக்கிறார்" என்று எழுதியிருப்போம். ஒரு வரி கூடப் பொய் இருந்திருக்காது.

கேள்வி கேட்டவரின் பெண்ணுக்கு இல்லம் வேண்டாம். விடுதி வேறு. ஆதிதிராவிடர் நல விடுதியோ பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியோ பக்கத்தில் இருந்தால் மேல்நிலை படிக்கிற பிள்ளைக்கு அது படிப்பு, பாதுகாப்பு இரண்டும். ஊராரும் அதைப் படிப்பாகத்தான் பார்ப்பார்கள்.

11 ஆகஸ்ட்

ஆகஸ்ட் 15 கிராம சபையில் "இந்தப் பெண்ணின் விஷயத்தை எழுப்பப் போகிறோம்" என்கிறார்களே, தயவு செய்து வேண்டாம். பெயர் சொல்லாமல் "ஒரு பெண்" என்று பேசினாலும் நானூறு வீட்டு ஊரில் அது பெயர்தான்.

கிராம சபையில் பேச வேண்டியவை வேறு இருக்கின்றன. குழுவைத் திருத்தி அமைக்கத் தீர்மானம், மாற்றலாகிப் போனவர் இடத்தில் இப்போதைய ஆள், பள்ளி இடைநின்ற பிள்ளைகளின் எண்ணிக்கை (பெயர்கள் இல்லாமல்), பள்ளிக்கு அருகே புகையிலை விற்கும் கடை, எரியாத விளக்கு. தனி அலுவலர் மேசையில் இருப்பார், அவரிடமே தேதி கேளுங்கள்.

விளக்கு என்றதும் நினைவு வருகிறது. எங்கள் குழுவில் பிள்ளைகள் சார்பில் இரண்டு பேர் உண்டு, ஒரு பையன், ஒரு பெண். வருவார்கள், பிஸ்கட் சாப்பிடுவார்கள், போவார்கள். ஒருநாள் அந்தப் பெண்ணிடம் "உனக்கு ஊரில் எங்கே பயம்?" என்று கேட்டேன். தண்ணீர்த் தொட்டிக்கும் நூலகத்துக்கும் நடுவே உள்ள வளைவு என்றாள். பெரியவர் ஒருவர் "அங்கே பேய் ஒன்றும் இல்லையம்மா" என்று சிரித்தார். "பேய் இருந்தால் பரவாயில்லை ஐயா, அங்கே உட்கார்ந்து குடிக்கிறார்கள்" என்றாள். கூட்டம் குலுங்கிச் சிரித்தது, பெரியவரும்தான். சிரித்த கையோடு விளக்குக்குத் தீர்மானம் எழுதினோம். அந்த வளைவைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் யாரும் ஆறு மணிக்கு மேல் புத்தகம் எடுக்கப் போகிறவர்கள் இல்லை.

26 ஆகஸ்ட்

ஆவணி பிறந்து பத்து நாள். பெண் வீட்டில் இல்லை, "மாமா ஊருக்குப் போயிருக்கிறாள்" என்கிறார்கள், மாமா ஊர் வேறு மாவட்டம். கேள்வி கேட்டவர் பதறிப்போய் எழுதியிருக்கிறார். பதற வேண்டிய செய்திதான்.

இப்போது உறுதிமொழிக் காகிதம் போதாது. 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்கலாம். தடுப்பு அலுவலர் மட்டுமல்ல, தகவல் தெரிந்த எவரும் கேட்கலாம். பொதுவாக இந்தச் சட்டத்தில் குழந்தைத் திருமணம் ஆன பிறகு, அதைச் செல்லாததாக்க அந்தப் பிள்ளைதான் நீதிமன்றம் போக வேண்டும். தடையாணையை மீறிச் செய்த திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, மீறியவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. இந்த வித்தியாசம் பெரியது. தடையாணைத் தாளைக் காட்டினால் மண்டபக்காரரும் புரோகிதரும் பின்வாங்குவார்கள், அவர்களுக்கும் தண்டனை உண்டு.

மாமா ஊர் மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்கும் அங்குள்ள சமூக நல அலுவலருக்கும் இன்றே தகவல் போக வேண்டும். இரண்டு மாவட்டங்களும் "அது உங்கள் எல்லை" என்று ஒன்றையொன்று காட்டாமல் இருக்க, இரண்டுக்கும் ஒரே மனுவை, இரண்டின் பெயரும் மேலே இருக்கும்படி அனுப்புங்கள்.

28 ஆகஸ்ட்

பெண் திரும்பிவிட்டாள். திருமணம் நடக்கவில்லை. குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தினார்கள், "படிக்க வேண்டும்" என்று அவளே சொன்னாளாம். விடுதிக்குச் சம்மதம்.

இதற்கு மேல் அவளைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

7 செப்டம்பர்

செவிலியர் ஒருவர் கேட்டிருப்பது என் மனத்தை விட்டுப் போகவில்லை. பதினேழு வயதுப் பெண், கர்ப்பம், காதலித்தவனும் இளைஞன், வீட்டுக்குத் தெரியாது. "நான் தகவல் தந்தால் அவள் இனி மருத்துவமனைப் பக்கமே வர மாட்டாள். தராவிட்டால் நான் குற்றவாளி."

ஜூலையில் "சொல்லியே ஆக வேண்டும்" என்று எழுதினேன். சட்டம் அதுதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தினால் இந்தப் பெண் மருத்துவமனையை விட்டு மருந்துக்கடை மாத்திரைக்குப் போவாள், உயிருக்கே ஆபத்து. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. கருக்கலைப்புக்கு வரும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போக்சோ தகவலில் அவளுடைய பெயரையோ அடையாளத்தையோ தர வேண்டியதில்லை. இதைப் பல மருத்துவமனைகளில் இன்னும் தெரிந்துவைத்திருக்கவில்லை. உங்கள் மருத்துவ அலுவலரிடம் தீர்ப்பின் நகலைக் கொடுங்கள். வளரிளம் பருவத்துக் காதலைப் போக்சோவுக்குள் இழுப்பது அந்தச் சட்டத்தின் நோக்கமாக இருந்ததில்லை என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை வைத்து நீங்களே "இது காதல்தான்" என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். பையன் இளைஞன் என்பது அவள் சொன்னது. தனியாக, வேறொரு நாளில், நிதானமாகக் கேட்டால் ஆள் வேறாக இருக்கலாம்.

வழக்கானால் ஆதரவு நபர் ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம், விசாரணையிலும் நீதிமன்றத்திலும் கூடவே வருவார். அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. கேட்டு வாங்குங்கள். உடனடிச் செலவுக்குக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் சிறப்பு உதவித் தொகை தர வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் இருக்கிறது. அதையும்.

20 செப்டம்பர்

பணத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, சுருக்கமாக.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், உறவினர் வீட்டில் வளரும் ஆதரவற்ற பிள்ளைகள், பெற்றோர் தீராத நோயில் கிடக்கும் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள். விண்ணப்பம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில். இந்த மாதம் 15-ஆம் தேதி பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய்.

பாட்டி வீட்டில் பிள்ளையை வைத்துக்கொள்ளச் சொல்கிறோமே, பாட்டியின் முதியோர் உதவித்தொகையில் எத்தனை வயிறு நிறையும்? பணத்துக்கான விண்ணப்பமும் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு வரியாக வர வேண்டும். யார் எழுதிக் கொடுக்கிறார், எந்தத் தேதிக்குள்? பாட்டியை அலையவிடக் கூடாது.

12 அக்டோபர்

தலைவர் ஆளுங்கட்சி, குற்றம் சாட்டப்பட்டவர் தலைவரின் மைத்துனர், அப்போது ஊர்க் குழுவுக்குப் போவதா என்று ஒருவர். போகாதீர்கள். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு நேராகப் போங்கள். ஊர்க் குழு காதும் கண்ணுமாக இருக்க வேண்டிய இடம். ஊரில் சாதியும் உறவும் யார் பக்கம் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்போது அந்தக் கண்ணுக்குத் தகவல் கொடுப்பது எதிராளிக்குக் கொடுப்பதுதான்.

9 நவம்பர்

"பராமரிப்புத் திட்டத்தைப் பிள்ளையிடம் காட்டலாமா? பயந்துவிடாதா?" என்று பாதுகாப்பு அலகில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

காட்ட வேண்டும். தன்னைப் பற்றிய முடிவில் பங்கெடுக்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பதும் அதே 3-ஆவது பிரிவில் உள்ள கோட்பாடு. ஒரு திட்டக் கூட்டத்தில் நாங்கள் பெரியவர்களாகச் சேர்ந்து எழுதினோம். மாலை கடைசிப் பேருந்தில் இறங்கும் பிள்ளையை நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வர அவளுடைய சித்தப்பா. வண்டி வைத்திருக்கிறார், பக்கத்து வீடு, பொறுப்பானவர். எல்லாருக்கும் திருப்தி. தாளை அவளிடம் கொடுத்தோம். நிதானமாகப் படித்தாள். அந்தப் பெயர் மீது மட்டும் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, மேலே அத்தையின் பெயரை எழுதித் திருப்பிக் கொடுத்தாள். அத்தையிடம் வண்டி கிடையாது, நடந்துதான் வர வேண்டும். "ஏன்?" என்று மேசையில் இருந்த ஒருவர் தொடங்கியபோது ஆற்றுப்படுத்துநர் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். "அத்தையே வரட்டும்" என்று எழுதி முடித்தோம். காரணத்தை மறுநாள், வேறு அறையில், தனியாகக் கேட்டார்.

ஆகவே நீங்கள் காட்டும்போது தாயும் தந்தையும் அறையில் இருக்க வேண்டாம். படிக்கத் தெரியாத பிள்ளை என்றால் வரி வரியாகப் படித்துச் சொல்லுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நிறுத்துங்கள். ஒரு பெயரை வேண்டாம் என்றால் அப்போதே மாற்றுங்கள், எல்லார் முன்னாலும் காரணம் கேட்காதீர்கள். கையில் நகல் கொடுக்காதீர்கள், பள்ளிப் பையைப் பிரித்துப் பார்க்கும் வீடுகள் உண்டு. யாரை எந்த எண்ணில் அழைப்பது என்பது மட்டும் அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். பராமரிப்புத் திட்டத்தை எழுதும் படிவம் 7-இன் கடைசிப் பகுதி, பிள்ளை வீடு திரும்பிய பிறகான சந்திப்புகளை எழுதுவதற்கானது. பல கோப்புகளில் அது வெறுமையாகவே இருக்கும். உங்கள் கோப்புகளில் அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் ஒரு தேதியை இன்றே அங்கே குறித்து வையுங்கள். விடுமுறையில் வகுப்பாசிரியர் பார்க்க மாட்டார், தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும், பொங்கலுக்கு ஏஜென்டுகள் ஊருக்கு வருவார்கள்.